டேனிஷ் கைவேலை பைப்புகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் புகையிலை வைத்துப் புகைக்கிற பைப்புகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் இரண்டு டென்மார்க்கில் கையால் செய்தவை. ஒன்று, சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா எழுபதுகளில் கோபன்ஹேகனில் இறங்கியபோது வாங்கி வந்தது. நான் மரக் கடைசல் வேலை செய்கிறவன். புகைப் பழக்கம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களும் பட்டறைக்கு வருகிறவர்களும் அந்த அலமாரி முன்னால் நின்று கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பல வருடமாகச் சொன்ன பதில்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

பைப்புன்னா நம்ம தாத்தா காலத்து சுங்கான்தானே? இதுல என்ன பெரிய கலை?

ஆமாம், சுங்கான்தான். புகையிலை வைக்கிற கிண்ணம், அதிலிருந்து நீளும் தண்டு, பல்லில் கடித்துக்கொள்கிற வாய்க்குழாய் என்று மூன்றே பாகம். கிண்ணமும் தண்டும் பிரையர் என்கிற மரத்தின் ஒரே கட்டையில் இருக்கும். வாய்க்குழாயைத் தனியாகச் செய்து செருகுவார்கள். மொத்த நீளம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

கலை எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. கீழே ரேகை (மரத்தில் ஓடும் கோடுகள்) பற்றிய கேள்வியில் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு சொல்கிறேன்: நல்ல டேனிஷ் பைப்பில் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் அந்தக் கட்டைக்குள்ளேயே இருக்கும். அதே வடிவத்தை வேறொரு கட்டையில் செய்தால் பொருந்தாது.

பிரையர்னா என்ன மரம்? ரோஜா முள்ளுச் செடியா?

இல்லை. ஆங்கிலத்தில் முள் ரோஜாவுக்கும் இதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் அது. இது 'எரிக்கா ஆர்போரியா' என்கிற புதர்மரம். மத்தியதரைக் கடலைச் சுற்றி, கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா பக்கமெல்லாம் கல்லும் மண்ணுமான சரிவுகளில் வளர்வது. வெள்ளைப் பூ பூக்கும். பிரெஞ்சில் இதற்கு 'ப்ரூயேர்' என்று பெயர். அதுதான் திரிந்து பிரையர் ஆனது.

பைப்புக்கு அதன் தண்டும் ஆகாது, வேரும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில், மண்ணுக்குள் உருண்டு திரண்டு வளர்கிற கட்டிதான் வேண்டும். நம் ஊரில் சில மரங்களின் அடியில் முண்டு கட்டியிருக்குமே, அந்த மாதிரி. நல்ல கட்டி தேற முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். தோண்டி எடுத்த பிறகு அதை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அறுத்த துண்டுகளை அரைநாளுக்குக் குறையாமல் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, துவர்ப்பும் சாறும் இறங்கிய பிறகு நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். சில கைவினைஞர்கள் அப்படி வந்த துண்டை இன்னும் சில வருடம் பட்டறைப் பரணில் போட்டுவைத்துத்தான் தொடுவார்கள்.

மரம்தானே, நெருப்பு வெச்சா எரிஞ்சு போகாதா?

இந்தக் கட்டியின் வேலையே வறட்சியிலும் காட்டுத்தீயிலும் செடியைப் பிழைக்க வைப்பதுதான். மேலே எல்லாம் எரிந்து போனாலும் இதிலிருந்து மறுபடி துளிர்க்கும். உள்ளே மண்ணிலிருந்து எடுத்த சிலிக்கா போன்ற தாதுக்கள் இருக்கும், அடர்த்தியும் அதிகம். அதனால் சூடு தாங்கும். பிரான்சின் யூரா மலைப்பகுதியில் உள்ள சான் க்ளோத் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைப் பைப்புக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு முன் புழக்கத்தில் இருந்தவை கீழே விழுந்தால் உடைகிற களிமண் பைப்பும், விலை கூடிய மீர்ஷாம் கல் பைப்பும்.

எரியவே எரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தணலை ஊதி ஊதிச் சூடேற்றினால் கிண்ணத்தின் உள்சுவர் கருகி ஓட்டை விழுந்துவிடும்.

டென்மார்க்ல அந்தச் செடியே கிடையாதே. அப்புறம் எப்படி அந்த ஊருக்குப் பேர் வந்துச்சு?

நல்ல கேள்வி. பேர் வந்ததற்கு ஒரு வகையில் பஞ்சம்தான் காரணம். இரண்டாம் உலகப்போர் வரைக்கும் டென்மார்க்கில் புகைத்தவர்கள் இங்கிலாந்து, பிரான்ஸ் பைப்புகளைத்தான் வாங்கினார்கள். போரில் அந்த வரத்து நின்றது. 1942-இல் போல் நீல்சன் என்பவர் உள்நாட்டு பீச் மரத்திலேயே பைப் செய்து விற்க ஆரம்பித்தார். போர் முடிந்து பிரையர் வந்ததும் தரத்தை உயர்த்தி, ஆங்கிலப் பெயர் போல ஒலிக்கட்டும் என்று 'ஸ்டான்வெல்' என்று முத்திரை வைத்தார். பிறகு தன் குடும்பப் பெயரையே ஸ்டான்வெல் என்று மாற்றிக்கொண்டார்.

புதுப் பைப் கிடைக்காத காலத்தில் பழையதைப் பழுது பார்க்கத்தானே வேண்டும்? கோபன்ஹேகனில் சூர்ஸ் என்கிற பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. ஸ்வீடனில் 1910-இல் பிறந்து, டென்மார்க்குக்கு வந்து, கடைகளுக்காகப் பாக்கி வசூலித்துக்கொண்டிருந்த சிக்ஸ்டன் இவார்சன் என்பவர் தன் உடைந்த பைப்போடு அங்கே போனார், தானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தவர் அப்படியே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சொல்வார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஊராருடைய உடைந்த பைப்புகள் நூற்றுக்கணக்கில் ஒருவர் கைக்கு வந்தால், எந்தத் தண்டு எங்கே முறிகிறது, எந்தத் துளை ஏன் அடைக்கிறது, எந்த வாய்க்குழாய் பல்லை உறுத்துகிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். டேனிஷ் பைப்பின் அழகைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த அழகுக்கு அடியில் இருப்பது பழுது பார்த்த கையின் அறிவு.

அந்த சிக்ஸ்டன் அப்படி என்னதான் புதுசா செஞ்சார்?

அதுவரை பைப் செய்த முறையைச் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். லண்டனிலும் சான் க்ளோத்திலும் வடிவங்கள் முன்கூட்டியே முடிவானவை. பில்லியர்ட், ஆப்பிள், புல்டாக் என்று பெயர்ப் பட்டியல் இருக்கும். கட்டையை எந்திரத்தில் மாட்டி, அச்சு மாதிரி ஒன்றைப் பின்பற்றிக் கடைவார்கள். ரேகை எப்படி விழுகிறதோ அது அந்தக் கட்டையின் அதிர்ஷ்டம். நன்றாக விழுந்தால் விலை கூட, இல்லாவிட்டால் குறைவு. அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல ஆங்கில பில்லியர்ட் ஒன்றின் அளவுப் பொருத்தத்தைப் பார்த்து நான் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சிக்ஸ்டன் வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் கட்டை, பிறகுதான் வடிவம். துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுகொண்டு, சுழலும் உப்புத்தாள் தட்டில் கையாலேயே வைத்துத் திருப்பித் திருப்பி வடிவம் எடுப்பது. அச்சு கிடையாது. அதனால் இடமும் வலமும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பதும் கிடையாது. அதே ஐம்பதுகளில் ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல் போன்றவர்கள் டேனிஷ் நாற்காலிகளை உலகம் பேசும்படி செய்துகொண்டிருந்தார்கள். மரத்தை அதன் போக்கில் வளைத்து உடம்புக்குப் பொருந்தச் செய்கிற அந்தக் கண் ஊரெல்லாம் இருந்தது. சிக்ஸ்டனுக்குக் கிடைத்தது உள்ளங்கையில் அடங்குகிற துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் ஸ்டான்வெல்லிடமிருந்து நல்ல பிரையர் துண்டுகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அந்தத் தொழிற்சாலைக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தார். தனி ஒருவரின் கை கண்டுபிடித்தது எந்திரத்துக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ரேகை ரேகைங்கறீங்க. அதை எப்படிப் பார்க்கணும்?

பிரையர் கட்டியை ஒரு பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து நாலாபக்கமும் நூல் நூலாக வெளியே ஓடுகிறது ரேகை. ஒரு கட்டு ஈர்க்குச்சியைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடுகள் தெரியும், நுனியில் பார்த்தால் புள்ளிகள் தெரியும். இங்கும் அதேதான். பக்கவாட்டு வெட்டில் தெரிவது நேர்ரேகை, குறுக்கு வெட்டில் தெரிகிற வட்டப் புள்ளிகளுக்குப் பறவைக்கண் என்று பெயர். கட்டியின் வெளிப்புறத்தில் பட்டையோடு சேர்த்து அறுக்கிற துண்டை 'பிளாட்டோ' என்பார்கள். அதில் ரேகை விசிறி மாதிரி ஒழுங்காக விரியும். உள்பக்கத்துத் துண்டில் கலைந்து கிடக்கும். கைவினைஞர்கள் பெரும்பாலும் பிளாட்டோ துண்டுக்கே போட்டி போடுவார்கள்.

இப்போது ஒரு பைப்பைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். கிண்ணத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோடுகள் கீழிருந்து மேலே ஏறி, விளிம்பிலும் அடிப்பாகத்திலும் மட்டும் பறவைக்கண் இருந்தால், ரேகையின் அச்சிலேயே கிண்ணத்தின் அச்சையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்பதற்குச் சுலபம். ஆனால் விசிறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கிண்ணமும் சாய வேண்டும், தண்டு அதற்கேற்ப வளைய வேண்டும், வளைந்த தண்டுக்குள் காற்றுத்துளை நேராகப் போய்ச் சேர வேண்டும். டேனிஷ் வளைவுகள் பிறப்பது இந்த நெருக்கடியில்தான்.

சிக்ஸ்டனின் மகன் லார்ஸ் இவார்சன் இதையே தலைகீழாக யோசித்தார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற வடிவம் 'ப்ளோஃபிஷ்', ஊதிய பேத்தை மீன் மாதிரி இருக்கும். துண்டைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் பெரிய வட்டமாகப் பறவைக்கண் வரும்படி வைத்து, இரண்டுக்கும் நடுவில் முதுகுபோல ஓடுகிற வரப்பில் கோடுகளை விடுவது. ஒரு கன்னம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கலாம், வரப்பு சற்றுக் கோணலாக ஓடலாம். அதெல்லாம் ரேகை போன போக்கு. கையில் பிடித்தால் கட்டைவிரல் எங்கே உட்கார வேண்டும் என்று பைப்பே காட்டிக்கொடுக்கும்.

கையால செஞ்சதுன்னா மெஷினே தொடாதா?

தொடும். துளை போட ட்ரில்லும் கடைசல் எந்திரமும், வடிவத்துக்கு உப்புத்தாள் தட்டு, மெருகுக்குத் துணிச்சக்கரம் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவைதான். முக்கியமான வித்தியாசம், எந்த இடத்தில் எவ்வளவு எடுப்பது என்ற முடிவைக் கண்ணும் கையும் எடுக்கின்றனவா, அச்சு எடுக்கிறதா என்பது. சிலர் முதலில் துளை போட்டுவிட்டு அதைச் சுற்றி வடிவம் எடுப்பார்கள். சிலர் வடிவத்தை முடித்துவிட்டுத் துளைப்பார்கள். இரண்டாவது முறையில் கை தவறினால் முடிந்த வடிவமே வீண்.

கிண்ணக்குழி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம், காற்றுத்துளை 4 மில்லிமீட்டருக்குள். அந்தத் துளை குழியின் அடியில், நட்டநடுவில் வந்து திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அடியில் ஈரப் புகையிலை தங்கும். பைப்பை வாங்கும்போது, வாய்க்குழாயோடு சேர்த்தே சுத்தம் செய்யும் கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். முட்டாமல் தடுக்காமல் கிண்ணத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தால் செய்தவருக்கு வேலை தெரியும்.

வாய்க்குழாய்க்கு ஏன் இவ்வளவு அலட்டல்? பிளாஸ்டிக்தானே?

நல்ல டேனிஷ் பைப்பில் பெரும்பாலும் அது எபோனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. பழைய மைப்பேனாக்களின் உடல் இதுதான். பல்லுக்கு இதமாக இருக்கும். அக்ரிலிக்கும் உண்டு. அது நிறம் மாறாது, ஆனால் கடிக்கும்போது கெட்டியாக உணரும்.

எபோனைட் கம்பியிலிருந்து அரத்தால் அராவியெடுத்த வாய்க்குழாய்தான் கைவேலையின் பாதி உழைப்பு. கடிக்கிற இடத்தில் மொத்தக் கனம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அதற்குள் மேல் சுவர், காற்றுப் பாதை, கீழ்ச் சுவர் மூன்றும் அடங்க வேண்டும். வட்டமாக வருகிற துளை அங்கே தட்டையாகி விசிறிபோல் விரியும். இல்லாவிட்டால் புகை ஒரே இடத்தில் நாக்கைக் குத்தும். என் அலமாரியில் உள்ள இரண்டில் ஒன்றில், மரமும் எபோனைட்டும் சேர்கிற இடத்தில் நகத்தால் வருடினால் நகம் எங்கும் மாட்டாது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன பொருள் அது. மரம் எத்தனை மழைக்காலம் ஊதியிருக்கும், எத்தனை கோடையில் சுருங்கியிருக்கும். இன்னும் அந்தச் சேர்க்கை விலகவில்லை.

சொரசொரன்னு மேடும் பள்ளமுமா இருக்கே, அது மட்டமான சரக்கா?

முழுக்க அப்படி இல்லை. சன்னமான மணலையோ கண்ணாடித் தூளையோ காற்றழுத்தத்தில் அடித்தால் மரத்தின் மென்மையான பகுதி தேய்ந்து, கெட்டியான பகுதி வளையம் வளையமாக மேலே நிற்கும். மேற்பரப்பில் சின்னக் குழி இருக்கிற துண்டுகளை இதற்கு அனுப்புவது வழக்கம்தான். அதனால் விலை குறையும். ஆனால் வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக உள்ள துண்டு கிடைத்தால், இதற்கென்றே ஒதுக்கிச் செய்கிறவர்களும் உண்டு. கோபன்ஹேகனின் டாம் எல்டாங் செய்த இந்த வகைப் பைப்புகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில், சுமாரான ரேகையுள்ள வழுவழு பைப்பைவிட நன்றாக அடித்த சொரசொர பைப் மேல்.

மக்கு வைத்து அடைத்துச் சாயம் பூசி மறைத்த வழுவழு பைப்தான் உண்மையில் மட்டம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மக்கு இருக்கும் இடம் மந்தமாகத் தெரியும்.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு ஏன் அந்த விலை?

நான் ஒருமுறை பிரையர் துண்டு ஒன்றை வரவழைத்துச் செய்து பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. வடிவம் வந்தது, துளை சரியாக விழுந்தது, கடைசியாக மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலது கன்னத்தில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி தெரிந்தது. தேய்த்தேன். மிளகளவு ஆனது. இன்னும் தேய்த்தேன், உள்ளே ஒரு சிறு கல் துணுக்கே இருந்தது. கட்டி வளரும்போது மண்ணை விழுங்கிக்கொண்டே வளர்கிறது, வெளியிலிருந்து அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. அந்தத் துண்டு இன்னும் பட்டறை ஜன்னலில் கிடக்கிறது.

இது எனக்கு ஒருமுறை நடந்தது. பைப் செய்து பிழைக்கிறவர்களுக்கு எப்போதும் நடப்பது. நீங்கள் வாங்குகிற ஒரு பைப்பின் விலையில், பாதியில் தூக்கிப்போட்ட துண்டுகளின் விலையும் இருக்கிறது. அதற்கு மேல் பெயருக்கும் விலை உண்டு. சிக்ஸ்டன், லார்ஸ், அவர்களைப் போலவே பெயர் பெற்ற கைவினைஞர்களான யெஸ் கோனோவிச், பூ நூர்த் ஆகியோரின் பைப்புகள் இன்று சேகரிப்பாளர்களிடம் கைமாறுவது கலைப்பொருள் விலையில்.

நேர்ரேகை பைப்புல புகை ருசி அதிகமாமே?

இல்லை. ரேகை கண்ணுக்குத்தான். ருசியைத் தீர்மானிப்பது மரம் எவ்வளவு நன்றாகக் காய்ந்தது, துளை எவ்வளவு சரியாக விழுந்தது என்பவை. இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன்.

சிக்ஸ்டனே ஸ்வீடன்காரர், பூ நூர்த்தும் ஸ்வீடன். அப்புறம் ஏன் டேனிஷ்னு சொல்றாங்க?

பூ நூர்த் (1941–2006) ஸ்வீடனில் மால்மோ பக்கத்தவர். மால்மோவுக்கும் கோபன்ஹேகனுக்கும் நடுவில் ஒரு நீரிணைதான். தொழில் வழக்கில் 'டேனிஷ்' என்பது பாஸ்போர்ட்டைச் சொல்வதில்லை, கோபன்ஹேகனில் உருவான அந்த முறையைச் சொல்வது. ஜப்பானின் ஹிரோயுகி தொகுதோமி எழுபதுகளில் சிக்ஸ்டனிடம் வந்து கற்றுக்கொண்டு போனவர். அவர் வேலையில் ஜப்பானியக் கண் இருக்கிறது, அடித்தளம் கோபன்ஹேகன்.

பூ நூர்த்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 'நாட்டிலஸ்', 'யானைக்கால்', 'ராம்சஸ்' என்று அவர் கண்டுபிடித்த வடிவங்களைப் பிற்காலத்தவர்கள் ஒரு பரீட்சைபோல எடுத்துக்கொண்டு செய்து பார்க்கிறார்கள். நாட்டிலஸ் ஒரு சங்குச்சுருள். சுருளின் ஓட்டமும் ரேகையின் ஓட்டமும் சண்டையிடாமல் போக வேண்டும். படத்தில் பார்த்ததற்கே எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பொம்பளைங்க யாரும் இதுல வரலையா?

வந்தார்கள், முதல் வரிசையிலேயே வந்தார்கள். சிக்ஸ்டன் சூர்ஸ் பட்டறையை விட்டுப் போனபின் அந்த இடத்துக்கு வந்தவரின் பெயர் போல் ராஸ்முசன். உடல்நலம் குன்றிய நாட்களில் தன் மனைவி அன்னா யூலிக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 1967-இல் அவர் இறந்தார். அன்னா யூலி பட்டறையை மூடவில்லை. ஆண்கள் மட்டுமே இருந்த தொழிலில் உட்கார்ந்து, தன் பெயரிலேயே பெரிய கலைஞரானார். டாம் எல்டாங் பயிற்சிக்குச் சேர்ந்தது இவரிடம்தான்.

இன்னொருவர் லார்ஸின் மகள் நானா இவார்சன். சிறுமியாக இருந்தபோதே தாத்தாவின் பட்டறையில் பழகியவர், பிறகு வடிவமைப்புப் படிப்பும் படித்தார். மூன்று தலைமுறை, ஒரே தொழில். ஆனால் மூவருடைய பைப்புகளையும் பக்கத்தில் வைத்தால் மூன்று கைகள் என்று தெரிந்துவிடும்.

எங்கிட்ட ஒண்ணு இருக்கு. மேல் விளிம்பு மரப்பட்டை மாதிரி கரடுமுரடா இருக்கு. முடிக்காம விட்டுட்டாங்களா?

வேண்டுமென்றே விட்டது. முன்னே சொன்ன பிளாட்டோ துண்டின் இயற்கையான வெளிப்புறம் அது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அமெரிக்காவில் இந்த 'ஃப்ரீஹேண்ட்' வகைக்குப் பெரும் மோகம் இருந்தது. அதன் பெரிய பெயர் ப்ரேபன் ஹோல்ம் (1947–1989). இளைஞராக இருக்கும்போதே பட்டறை வைத்து, பல பேருக்கு வேலை கொடுத்து, கப்பல் கப்பலாக அனுப்பினார். சித்தப்பா கொண்டுவந்தது அவருடையதுதான். சிக்ஸ்டன் வழி வந்தவர்கள் சிலருக்கு இந்த ஆடம்பரம் ஒத்துக்கொள்வதில்லை. நானும் அடக்கமான வடிவங்கள் பக்கம்தான். ஆனாலும் இதில் ரேகை விளிம்பு வரை போய், மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பட்டையிலேயே முடிவதைப் பார்க்கும்போது மறுத்துப் பேச வாய் வருவதில்லை.

என் பைப்புல 'பென் வேட்'னு முத்திரை. அது இங்கிலாந்து கம்பெனியாச்சே, ஆனா டென்மார்க்னு போட்டிருக்கே?

இரண்டும் சரிதான். பென் வேட் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பழைய நிறுவனம். அறுபதுகளில் அது மூடப்பட்ட பிறகு பெயரை ஓர் அமெரிக்க வணிகர் வாங்கினார். மேலே சொன்ன ப்ரேபன் ஹோல்ம் பட்டறைப் பைப்புகள் அந்தப் பெயரில் அமெரிக்காவில் விற்றன. முத்திரையில் 'டென்மார்க்கில் கையால் செய்தது' என்று இருந்தால் அந்தக் காலத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டான்வெல்லும் கைவேலைதானா?

பெரும்பாலும் தொழிற்சாலைப் பைப். ஆனால் வடிவம் சிக்ஸ்டன், அன்னா யூலி, யெஸ் கோனோவிச், டாம் எல்டாங் போன்றவர்கள் வரைந்ததாக இருக்கலாம். குறைந்த செலவில் அந்த வளைவுகளைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பழைய ஸ்டான்வெல்தான். டென்மார்க்கின் போருப் ஊரில் இருந்த தொழிற்சாலை மூடப்பட்டு, 2010 வாக்கில் உற்பத்தி இத்தாலிக்குப் போய்விட்டது. டேனிஷ் தயாரிப்பே வேண்டும் என்றால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வாய்க்குழாய் பச்சையும் பழுப்புமா ஆகிடுச்சு. வெந்நீர்ல போடலாமா?

போடாதீர்கள், இன்னும் மோசமாகும். எபோனைட்டில் உள்ள கந்தகம் வெயிலிலும் ஈரத்திலும் மேலே வந்து இப்படி ஆகிறது. நனைத்த மெல்லிய உப்புத்தாளில் (800-ஆம் எண் தாளில் தொடங்கி 2000 வரை) தேய்த்து, துணியால் மெருகேற்றினால் கறுப்பு திரும்பும். முத்திரை உள்ள இடத்தைத் தொடாமல் தேயுங்கள், முத்திரை அழிந்தால் பைப்பின் ஜாதகமே போன மாதிரி. பிறகு ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மரத்துக்குக் கார்னூபா மெழுகு போதும், வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பைப் சூடாக இருக்கும்போது வாய்க்குழாயைப் பிடுங்காதீர்கள். தண்டில் செருகியிருக்கிற முளை முறிவது அப்போதுதான். ஆறிய பிறகு, ஒரே திசையில் திருகிக்கொண்டே இழுங்கள்.

தண்டுல வெள்ளை வளையம் இருக்கு. தந்தமா?

கொம்பாக இருக்கலாம், மாமூத் தந்தமாக இருக்கலாம், பழைய பைப்பானால் யானைத் தந்தமாகவும் இருக்கலாம். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். விளிம்போரத்தில் அவை கூர்ங்கோணமாக வெட்டினால் மாமூத், விரிகோணமாக வெட்டினால் யானை. சின்ன வளையத்தில் அந்தக் கோடுகள் தெரியாமலும் போகும். வெளிநாட்டிலிருந்து அப்படிப்பட்ட பைப்பை வரவழைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி யானைத் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது, சுங்கத்துறையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். டேனிஷ் பட்டறைகளில் தண்டுக்கு மூங்கில் கணுவும் பாக்ஸ்வுட் மரமும் வைப்பதுண்டு. அழகுக்கு அவை எந்த விதத்திலும் குறைவில்லை.

பைப் புகைச்சா சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லையாமே?

கெடுதல்தான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. நுரையீரலும் தப்புவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்து யாரும் புகைக்க ஆரம்பிக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

நீங்கதான் புகைக்கறதே இல்லையே. அப்புறம் தினமும் எடுத்து என்னதான் பார்க்கறீங்க?

இரண்டாவது டேனிஷ் பைப்பின் அடிப்பாகத்தில், முத்திரைக்கு ஒரு விரற்கடை தள்ளி, கடுகளவு குழி ஒன்று இருக்கிறது. செய்தவர் நினைத்திருந்தால் மக்கு வைத்திருக்கலாம். இல்லை, சொரசொரப்பாக அடித்து மறைத்திருக்கலாம். மூன்று பக்கமும் நேர்ரேகை அப்படி விழுந்திருக்க, அதை அழிக்க மனம் வராமல் குழியைக் குழியாகவே விட்டு, மெருகு மட்டும் போட்டிருக்கிறார். என் பட்டறை ஜன்னலில் கிடக்கிற துண்டை எடுத்து இதன் பக்கத்தில் வைத்து, நான் எந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்தியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.